தேடாமல் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது

கோலார் மாவட்டம் ஹனுமனஹள்ளியின் பாறைக் குகைகளில் ஓர் இலைமூக்கு வௌவால் இனம் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இருப்பதாக இன்று பதிவு இல்லை. டீட்டர் காக், எச்.ஆர். பட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1994-ல் அதைத் தனி இனமாக விவரித்தபோது, ஹனுமனஹள்ளியோடு தேரஹள்ளியும் அதன் இருப்பிடமாகக் குறிக்கப்பட்டது. பின்னாளில் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுபடி தேடிப் போனபோது தேரஹள்ளியில் அது இல்லை. ஹனுமனஹள்ளியில் எஞ்சியிருந்தவை இருநூறுக்கும் குறைவு. அழிவின் கடைசி விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைச் சேர்த்தது. சுற்றிலும் கிரானைட் உடைத்துக்கொண்டிருந்த நிலையில், ஆய்வாளர்களும் வௌவால் பாதுகாப்பு அமைப்பினரும் விடாமல் வற்புறுத்தியதால், குகைகளைச் சுற்றி 30 ஏக்கர் நிலத்தை மாநில அரசு பாதுகாப்புக்கு ஒதுக்கியது. ஒரு குகை காப்பாற்றப்பட்டதற்கு ஒரே காரணம், அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரோ போய்ப் பார்த்திருந்ததுதான். கோலாரின் மற்றப் பாறை இடுக்குகளை அப்படிப் போய்ப் பார்ப்பது யார், எதைக் கொண்டு பார்ப்பது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டு அகழ்வில் அரைத்துக் கொட்டிய மண், சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. அந்த மேடுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். வேலை வரும் என்று தங்கவயல் மக்கள் எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயமானது. விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரு போய்த் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களின் கால் நூற்றாண்டுக் களைப்பு அந்த எதிர்பார்ப்புக்குப் பின்னால் இருக்கிறது. திட்டத்தைத் தடுப்பது இங்கே நோக்கமல்ல. ஆனால் இத்தகைய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் உயிரினங்கள் பற்றிய அத்தியாயம் எப்படித் தயாராகிறது என்பது கவலைக்குரியது. பெரும்பாலும் ஒரே ஒரு பருவத்தின் தரவு. சுற்றுவட்டாரம் 10 கிலோமீட்டர். அதில் ஒரு சிறு குழு சில நாள் நடந்து கண்ணில் பட்டதை எழுதுகிறது. கண்ணில் படாதது இல்லை என்றாகிவிடுகிறது. இரவில் நடமாடுவதும், பாறைக்குள் ஒடுங்குவதும், எண்ணிக்கையில் அருகியதுமான உயிர்தான் கண்ணில் படாது. பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். இந்த ஓட்டையை அடைக்க உலகம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஒரு வழி, பயிற்சி பெற்ற மோப்ப நாய். கோலாரில் நிலம் கைமாறும் முன் நடக்கும் எந்த உயிரின ஆய்விலும் அதற்கு இடம் தர வேண்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1890-களில் நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹென்றி, வாய்க்கட்டுப் போட்ட நாயின் துணையோடு ககாபோ கிளிகளையும் கிவிகளையும் தேடிப் பிடித்து ரெசல்யூஷன் தீவுக்கு மாற்றினார். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வாசர் 1990-களின் பிற்பகுதியில் காட்டு விலங்குகளின் எச்சத்தைத் தேடும் நாய்களுக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். செய்முறை எளிதாக விளங்கக்கூடியது. பந்து விளையாட்டின் மீது தீராத ஆசை கொண்ட நாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறிப்பிட்ட விலங்கின் எச்சத்தை அது மோந்து கண்டுபிடித்து அதன் அருகே உட்கார்ந்தால் பந்து கிடைக்கும். வேறு விலங்கின் எச்சத்துக்கு எதுவும் கிடைக்காது. நாய்க்கு விலங்கின் மீது நாட்டமே இல்லை, பந்தின் மீதுதான். 20 கோடிக்கும் மேற்பட்ட மோப்ப உணர்விகள் உள்ள மூக்கு, காற்று சுமந்துவரும் வாசத்தின் ஓரத்தைப் பிடித்து, அது செறியும் திசையில் ஏறிப்போய் மூலத்தை அடைகிறது. கையாளுபவரின் வேலை காற்றைப் படிப்பதும், எந்தக் கோட்டில் நடக்க வேண்டும் என்று திட்டமிடுவதும், நாயின் வாலையும் தலையையும் கவனிப்பதும்.

கலிபோர்னியாவில் சான் வாகின் குள்ளநரிகளின் எச்சத்தைத் தேடப் பழக்கிய நாய்கள் கண்டெடுத்த 1,298 மாதிரிகளை மரபணு சோதனைக்கு அனுப்பினார்கள். அத்தனையும் அந்தக் குள்ளநரியுடையவையே என்று 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. காற்றாலைகளின் அடியில் அடிபட்டு விழும் வௌவால்களைத் தேடிய சோதனை, கோலாருக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் இரண்டு காற்றாலைத் தளங்களில் வைக்கப்பட்ட உடல்களில் நாய்கள் 71 சதவீதத்தையும் 81 சதவீதத்தையும் கண்டுபிடித்தன. அதே இடங்களில் மனிதர்கள் கண்டுபிடித்தது 42 சதவீதமும் 14 சதவீதமும். செடி அடர்ந்த இடத்தில் மனிதக் கண் எவ்வளவு தோற்கிறது என்பதை அந்தக் கடைசி எண் காட்டுகிறது. ஆரல்வாய்மொழியிலும் சித்ரதுர்காவிலும் காற்றாலைகளைச் சுற்றி நடந்துபோய் ‘ஒன்றும் விழவில்லை’ என்று எழுதுபவர்களும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். அன்னெகிரெட் கிரிம்-சைஃபார்த் தலைமையிலான ஜெர்மானியக் குழு 2021-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளைத் திரட்டி அலசியது. மற்ற முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஏறத்தாழ 89 சதவீதத்தில் நாய்களே மேலான பலன் தந்திருந்தன. நாய் தோற்ற ஆய்வுகளும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன என்பதால் அதன் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

எச்சம் கிடைத்தால் என்ன தெரியும் என்று கேட்கலாம். விலங்கின் உடலைத் தொடாமலே அதன் இனம், பால், உறவு, உணவு, குடற்புழு, நோய், மன அழுத்தம் அனைத்தும் தெரியும். வாசரின் குழு டக்கர் என்ற கறுப்பு நாயைப் படகின் முனையில் நிறுத்தி, கடலில் மிதக்கும் கொலைகாரத் திமிங்கிலங்களின் எச்சத்தைத் தேடியது. 2008-லிருந்து 2014 வரை திரட்டிய மாதிரிகளின் ஹார்மோன்களை அளந்து, அந்தத் திமிங்கிலங்களின் கருக்களில் 69 சதவீதம் வரை பிறப்பை எட்டாமலே போகின்றன என்றும், சால்மன் மீன் தட்டுப்பாடு அதற்கு முக்கியக் காரணம் என்றும் 2017-ல் நிறுவியது. மீன்வளக் கொள்கை பற்றிய ஒரு வாதத்துக்கு, நாய் மோந்து கண்டுபிடித்த எச்சம் ஆதாரமானது. ரஷ்யாவின் லாசோ காப்பகத்தில், எச்சத்தின் வாசத்தை வைத்தே ஒரு புலியை இன்னொரு புலியிலிருந்து பிரித்துக் காட்டவும் நாய்களைப் பழக்கினார்கள்.

இந்தியாவுக்கு மோப்ப நாய் புதிதல்ல. காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பும் உலக இயற்கை நிதியமும் 2008-ல் தொடங்கிய திட்டத்தில், காவல் படைகளின் நாய்ப் பயிற்சி மையங்களில் தயாரான நாய்கள் பல மாநில வனத்துறைகளுக்குப் போயின. புலித் தோல், எலும்பு, தந்தம், மான் கறி ஆகியவற்றைக் காட்டிக்கொடுத்துப் பல வழக்குகளுக்கு அவை தொடக்கம் தந்திருக்கின்றன. காசிரங்காவில் காண்டாமிருக வேட்டைக்காரர்களின் தடம்பிடித்த ஜோர்பா என்ற பெல்ஜியன் மாலினாய் நாயை அசாமில் பலரும் அறிவார்கள். பந்திப்பூரின் ராணா 2019-ல் குண்டுலுபேட்டைப் பக்கத்தில் ஆட்களைக் கொன்ற புலியின் தேடலில் உதவியது. 2021-ல் மசினகுடியில் டி23 புலியைத் தேடியபோது தமிழக வனத்துறையின் அதவை என்ற நாய் காட்டில் இறங்கியது. இவை அனைத்தும் பெருமைக்குரிய பணிகளே. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: இவற்றில் ஏறக்குறைய எல்லாமே காவல் வேலை. தோல் உரிக்கப்பட்ட பின், ஆள் இறந்த பின், புலி ஊருக்குள் வந்த பின் நாய் அழைக்கப்படுகிறது. சேதம் நடக்கும் முன், ‘இங்கே எது வாழ்கிறது’ என்ற ஆய்வுக் கேள்விக்கு அதே நாயை, அதே பயிற்சி மையத்தை, அதே கையாளுபவரை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. கோலாரிலிருந்து எட்டிய தூரத்தில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. எச்சத்திலிருந்தும் முடியிலிருந்தும் புலிகளின் மரபணுவைப் படிப்பதில் உலகம் மதிக்கும் வேலை அங்கே நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் அழிநிலை உயிரினங்களுக்கான ஆய்வகம் இருக்கிறது. ஆய்வகம் இருந்தும், களத்தில் மாதிரி தேடும் கை போதவில்லை.

எதிர்ப்புகளில் மிகக் கனமானது நாயைப் பற்றியதே. இந்தியக் காட்டோரங்களில் நாய் காட்டுயிரின் பெரும் பகைகளில் ஒன்று. கட்டுக்கடங்காத தெருநாய்க் கூட்டங்கள் வெளிமானைத் துரத்துகின்றன, தரையில் இடும் முட்டைகளைத் தின்கின்றன. 1994-ல் செரெங்கெட்டியில் நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் நோயில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள், அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, மடிந்தன. 2018-ல் கிர் காட்டிலும் அதே வைரஸ் சிங்கங்களைக் கொன்றது. அப்படியிருக்க நாயையே காட்டுக்குள் கூட்டிப் போவதா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் காட்டின் மீது அக்கறை உள்ளவர்கள். அவர்களுக்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ, வெறிநோய் மூன்றுக்கும் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கி, கால்நடை மருத்துவரின் சான்று பெற்ற நாய், நீளக் கயிற்றின் முனையில், பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில், ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் காட்டில் இருக்கிறது. அதன் மலம் பையில் கட்டி வெளியே கொண்டுவரப்படுகிறது. விலங்கைத் துரத்தும் சுபாவம் தலைகாட்டும் நாய் தேர்விலேயே கழிக்கப்படுகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியிலேயே இந்த நிபந்தனைகளை எழுதிவிடலாம். இதையும் மீறி ஓர் இடர் மிஞ்சும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: நாயின் வாசமே சில விலங்குகளைச் சில நாள் ஒதுங்க வைக்கலாம். குட்டி போட்டு வளர்க்கும் காலத்தில் அந்தப் பகுதிக்கு நாயைக் கொண்டுபோகாமல் இருப்பதே அதற்கு வழி. தெருநாய்ச் சிக்கலை இனப்பெருக்கக் கட்டுப்பாட்டாலும் குப்பை மேலாண்மையாலும் தீர்க்க வேண்டும். ஆய்வு நாயைத் தடுப்பதால் ஒரு தெருநாயும் காட்டிலிருந்து வெளியேறப் போவதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு அறிவியலார் எழுப்புவது: நாய் கையாளுபவரைப் பார்த்து நடிக்குமே? நடிக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து 2011-ல் வெளியான சோதனை இதைக் கூர்மையாகக் காட்டியது. தேடும் பொருள் எங்குமே வைக்கப்படாத அறைகளில் 18 நாய்-கையாளுபவர் இணைகளை இறக்கினார்கள். இங்கே இருக்கிறது என்று கையாளுபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. இல்லாத பொருளுக்கு 225 முறை அறிகுறி பதிவானது. மனிதனின் நம்பிக்கையை நாய் அவன் முகத்திலும் நடையிலும் படித்துவிடுகிறது. ஓர் ஆளைச் சிறைக்கு அனுப்பும் வழக்கில் இது பெரிய ஆபத்து. ஆய்வில் இதைச் சமாளிக்கும் வழி உண்டு. எங்கே மாதிரி வைக்கப்பட்டது என்று கையாளுபவருக்கும் கூட வருபவருக்கும் தெரியாமல் அவ்வப்போது நாயைச் சோதிக்கலாம். அதன் பிழை விகிதத்தை அறிக்கையில் அச்சிடலாம். அதைவிட முக்கியம், நாய் உட்கார்ந்த இடத்தில் ஓர் எச்சம் கைக்குக் கிடைக்கிறது. ஆய்வகம் அதைச் சோதிக்கிறது. நாயின் சொல்லை நம்ப வேண்டியதே இல்லை. பிழை விகிதத்தை வெளியிடாத நாய்க் குழுவின் அறிக்கையை ஏற்கக் கூடாது என்பதில் நான் எதிர்ப்பாளர்களின் பக்கம்.

கேமரா இருக்கும்போது நாய் எதற்கு என்பது மூன்றாவது. 2018 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் பொருத்தப்பட்டு, 3.48 கோடிப் படங்கள் எடுக்கப்பட்டன. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச யாராலும் முடியாது. ஆனால் வரியும் புள்ளியும் உள்ள விலங்குக்குத்தான் கேமரா ஆள் அடையாளம் சொல்லும். அது என்ன தின்றது, நோயுற்றதா, யாருடைய பிள்ளை என்று சொல்லாது. மனித நடமாட்டம் மிகுந்த வருவாய் நிலத்தில், கல்குவாரி ஓரத்தில், கேமரா களவு போகும். கோலாரின் யானைகளுக்கு நாய் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒசூரிலிருந்தும் ஆந்திரத்தின் கௌண்டின்யாவிலிருந்தும் பங்காருப்பேட்டைப் பக்கம் வந்து போகும் யானையின் லத்தியை யாரும் எண்ணலாம். புதர்க்காட்டுச் சிறுத்தைக்கும், பாறை இடுக்கு வௌவாலுக்குமே நாய் வேண்டும். வௌவாலுக்கு ஒலி உணர்கருவி உண்டே என்பார்கள். இலைமூக்கு வௌவால்களின் ஒலி மிக உயர்ந்த அதிர்வெண் கொண்டது. காற்றில் சில மீட்டரிலேயே தேய்ந்துவிடும். எந்த இடுக்கின் வாயில் கருவியை வைப்பது என்று தெரிந்திருந்தால்தான் அது பயன்படும். நூறு இடுக்குகளில் பத்தைப் பிரித்துத் தருவது நாயின் வேலை. அந்தப் பத்தின் முன் இரவில் கருவியோடு காத்திருப்பது ஆய்வாளரின் வேலை. மரப்பொந்துகளில் உள்ள வௌவால் எச்சத்தை நாய்களைக் கொண்டு தேட முடியுமா என்று அரிசோனாவில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கோலாரில் இதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஹனுமனஹள்ளிக் குகைகளில் துர்காதாஸ் இலைமூக்கு வௌவால் போன்ற நெருங்கிய இனங்களும் வாழ்கின்றன. இரண்டின் எச்சத்தையும் நாய் பிரிக்குமா என்பதை முதலில் சோதனைச் சாலையில் நிறுவ வேண்டும். பிரிக்க முடியாவிட்டால், இலைமூக்கு வௌவால் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது வரை நாயும், எது என்பதை மரபணுவும் சொல்லட்டும். பயிற்சிக்கு வேண்டிய எச்சத்தை, வௌவால்கள் இரை தேடி வெளியே போயிருக்கும் நேரத்தில், ஒரே ஒருமுறை, வனத்துறையின் முன்னிலையில் எடுக்க வேண்டும். நாய் எந்தக் குகைக்குள்ளும் நுழையக் கூடாது. வௌவால் எச்சத் தூசியில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை நாயின் நுரையீரலையும் மனிதனின் நுரையீரலையும் ஒன்றுபோலத் தாக்கும்; அதைவிட, இருநூறுக்கும் குறைவான உயிர்களே மிஞ்சிய ஒரு கூட்டத்தைக் கலைக்க எந்த ஆய்வுக்கும் உரிமை இல்லை. வாயிலில் வீசும் காற்றே நாய்க்குப் போதும். கைவிடப்பட்ட சுரங்க ஷாஃப்டுகளின் பக்கமும் இதே விதி: உலகெங்கும் பழைய சுரங்கங்களில் வௌவால்கள் குடியேறியிருக்கின்றன என்பதால் அவற்றைச் சோதித்தே ஆக வேண்டும், ஆனால் வேலி கட்டிய விளிம்புக்கு இப்பால் நின்று. சயனைடு மேட்டின் மேல் நாயை ஏற்றவே கூடாது. மனிதனைவிட நிலத்துக்கு நெருக்கமாக மூக்கை வைத்து மூச்சிழுக்கும் பிராணி அது; காற்றில் பறக்கும் அந்தத் தூசியை ஊர் மக்கள் இவ்வளவு காலம் சுவாசித்தது போதும். மேடுகளின் ஓரப் புதர்களோடு நாயின் எல்லை முடிய வேண்டும். கோடையில் மூச்சிரைக்கும் நாயால் மோப்பம் பிடிக்க முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை என்பதே இங்கே வேலை நேரம்.

எந்த நாய், யார் கையில் என்ற கேள்விக்கு அதிக இடம் தேவையில்லை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு என்று வெளிநாட்டு இனங்களே வேண்டும் என்ற எண்ணம் தளர்ந்துவருகிறது. எல்லைப் பாதுகாப்புப் படை பழக்கிய ரியா என்ற முதோல் நாய் 2024 அகில இந்தியக் காவல் பணிப் போட்டியில் தடம்பிடிப்பதில் முதலிடம் பெற்றது. பாகல்கோட்டையின் முதோல் இனம் கண்ணால் வேட்டையாடுவது என்று பெயர் பெற்றது. அதன் மூக்கையும் பழக்கலாம் என்பது கர்நாடகத்துக்கு நல்ல செய்தி. வாஷிங்டன் பல்கலைக்கழகத் திட்டம் காப்பகங்களில் கைவிடப்பட்ட, ஓய்வின்றித் துள்ளும் நாய்களையே எடுத்துப் பழக்கியது. கையாளுபவர்களைத் தங்கவயலிலிருந்தே எடுக்க வேண்டும். எந்த ஷாஃப்டின் வாய் எங்கே மூடப்பட்டது, எந்த நிலம் உள்வாங்கும் என்பது இங்குள்ள குடும்பங்களுக்குத் தெரியும். ஊரிகத்தை ஒட்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. கண்ணுக்குப் புலப்படாததைத் தேடும் உலகத் தர ஆய்வுக்கு இந்த மண் முன்பே இடம் தந்திருக்கிறது. அந்த ஆய்வுக்கு வழி அமைத்தது சுரங்கத் தொழிலாளிகளின் உழைப்பு.

நாயால் ஓர் இனம் பிழைத்துவிடும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. ரிச்சர்ட் ஹென்றி நூற்றுக்கணக்கான பறவைகளை மாற்றிய தீவுக்கு 1900-ல் ஸ்டோட் என்ற மரநாய் இனம் நீந்தி வந்து சேர்ந்தது. அவர் உழைப்பு வீணானது. அவருடைய நாய் தன் வேலையைச் சரியாகவே செய்தது, தீவைக் காக்க ஆளில்லை. கண்டுபிடிப்பதும் காப்பதும் தனித்தனி வேலை. முதல் வேலை நடக்காத இடத்தில் இரண்டாவது தொடங்கவே தொடங்காது என்பதால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே கர்நாடக வனத்துறையும் சுரங்கத் துறையும் செய்யக்கூடியது இது. கோலார் மாவட்டத்தில் கிரானைட் குவாரிக்கோ, மேட்டுத் தங்கத்துக்கோ உரிமம் கேட்கும் நிறுவனம், உயிரின ஆய்வுக்கான பணத்தை அரசிடம் கட்ட வேண்டும். ஆய்வுக் குழுவை நிறுவனமே தேர்ந்தெடுக்கும் இன்றைய வழக்கம் இந்த மாவட்டத்திலாவது முடிய வேண்டும். அந்தப் பணத்தில் இரண்டு நாய்களும் நான்கு கையாளுபவர்களும் கொண்ட குழு ஒன்று, குறைந்தது இரண்டு குளிர் பருவங்கள் தேட வேண்டும். நாயின் கழுத்துப் பட்டையில் உள்ள ஜிபிஎஸ் கருவி அது நடந்த ஒவ்வொரு அடியையும் பதிவு செய்யும். தேடிய இடம், தேடாத இடம் இரண்டும் வரைபடத்தில் வெவ்வேறு நிறத்தில் தெரிய வேண்டும். அந்த வரைபடம், நாயின் பிழை விகிதத்தோடும் மரபணு முடிவுகளோடும், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் அச்சாகி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே ஊரிகத்திலும் ராபர்ட்சன்பேட்டையிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.